ஒட்டு பிடித்ததா? உடைத்துப் பாருங்கள்

போன மாரியில் சித்தப்பாவின் லான்ட்மாஸ்டரில் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியை மாட்டும் கொளுக்கிக்கு நான்தான் வெல்டிங் போட்டேன். மீன் செதில் அடுக்கினதுபோல அழகான ஒட்டு. மூன்றாம் நாள் பசளை மூட்டையோடு கோண்டாவில் தோட்டத்துக்குப் போகும் வழியில் கழன்று விழுந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால் முழுக்கக் குண்டூசித்தலைத் துளைகள். "தம்பி, இது ஒட்டோ, சோடனையோ?" என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து முதலில் ஒரு துண்டை ஒட்டி உடைத்துப் பார்க்காமல் வேலையில் கை வைப்பதில்லை.

1. வேலைக்குரிய அதே தடிப்பில் இரண்டு தகடுகளை, அதே றொட், அதே கரண்டில் முட்டொட்டாக, அதாவது விளிம்போடு விளிம்பு முட்டவைத்து, ஒட்டுங்கள். தண்ணீரில் முக்காமல் தானாக ஆற விடுங்கள். ஒட்டு நடுவில் வரும்படி 25 மி.மீ. அகலம், 230 மி.மீ. நீளத்தில் ஒரு பட்டி வெட்டுங்கள்.

2. பட்டியின் இரு கரையிலும், ஒட்டின் நடுவுக்கு நேரே, 3 மி.மீ. ஆழத்துக்கு வாள்வெட்டு. நான் சறுக்கியது இங்கேதான். முதல் தடவை வெட்டாமலே அடித்தேன். தகடு லாடம்போல வளைந்தது, ஒட்டு அசையவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் வளைவு தகடு முழுக்கப் பரவி, ஒட்டைச் சோதிக்காமலே விட்டிருக்கிறது. கூரான வெட்டு இருந்தால் இழுவை எல்லாம் அதன் நுனியில் குவியும். அங்கே தொடங்கும் வெடிப்பை உலோகம் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதுதான் முறிவுறுதி. அடுத்த தடவை வெட்டினேன், ஆனால் ஒட்டை விட்டு விலகித் தகட்டில்! சோக்கால் ஒட்டின் நடுவைக் குறித்துவிட்டு வெட்டுங்கள். கிறைண்டர் வேண்டாம், அதன் வெட்டு அகலமாக மழுங்கிப் போகும். இரும்பு வாள்தான் சரி.

3. வெட்டு வைஸ் வாய்க்குச் சற்று மேலே நிற்கும்படி இறுக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் அடியுங்கள்.

முறிந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் நார்நாராக இருந்தால் நல்லது. சீனிபோல மினுங்கினால் நொறுங்கும் ஒட்டு. குழாய் வெல்டிங்குக்கான ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம்) 1104 விதி, 1.6 மி.மீ.க்கு மேற்பட்ட காற்றுத் துளையை ஏற்காது. நானும் அதையே அளவாக வைத்திருக்கிறேன். நடுவில் துளையோடு வெள்ளை வட்டம் தெரிந்தால் அது 'மீன்கண்', ஹைட்ரஜனின் வேலை.

இந்தச் சோதனையில் எண் எதுவும் கிடைக்காது. எண் வேண்டுமானால் சார்ப்பி ஊசல் வேண்டும்; ஆடிவரும் பாரச் சுத்தியல் துண்டை முறிக்க எவ்வளவு சக்தி எடுத்தது என்று ஜூலில் காட்டும் கருவி அது. ஹைட்ரஜன் குறைந்த வகையான 7018 றொட் மைனஸ் 29 பாகையில் 27 ஜூல் தாங்கவேண்டும் என்பது விதி, சாதாரண வேலைக்கான 6013 றொட்டுக்கு அப்படி ஒன்றுமில்லை. குளிரில் இரும்பு நொறுங்கும் என்பதால்தான் இந்த விதி. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் நின்றபடியே ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்ததில் குளிருக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் குளிர்ப் பயம் இல்லை, றொட் பூச்சில் ஏறும் ஈரம்தான் எதிரி; ஹைட்ரஜன் அதிலிருந்துதான் வருகிறது.

பின்சேர்க்கை: 7018ஐ வெயிலில் காயவைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. 260 முதல் 430 பாகையில் இரண்டு மணிநேரம் வேண்டும், பாண் போறணையை நம்பவேண்டாம். 6013ஐ மட்டும் அப்படிச் சுடாதீர்கள், அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை.

இன்னொருவர் லொறி வில்லுத்தகட்டை ஒட்டியிருக்கிறார், மறுநாள் தானாகவே வெடித்ததாம். அதில் கரி அதிகம். ஒட்டின் ஓரம் இறுகிவிடும், ஹைட்ரஜன் வெடிப்பு 48 மணிநேரம் கழித்தும் வரலாம். அப்படிப்பட்ட இரும்பென்றால் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், சித்தப்பா வாசலில் வந்து நின்றாலும்.