பழைய மஞ்சள் மின்னொளிர்வுத் திரையை மீண்டும் ஒளிரச் செய்வது

பழைய மருத்துவக் கருவியிலிருந்தோ ஆலையின் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்தோ கழற்றிய மஞ்சள் நிறத் திரை ஒன்று கைக்கு வந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன் அது எந்த வகைத் திரை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதே காலத்தில் விற்பனையான பிளாஸ்மா திரை, நியான் வாயுவுக்கே உரிய செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். திரவப் படிகத் திரைக்குப் பின்னால் ஒட்டப்படும் மின்னொளிர்வுத் தாள் நீலப்பச்சையாக முழுப் பரப்பும் எரியும். நாம் தேடும் மெல்படல மின்னொளிர்வுத் திரையின் ஒளியோ 580 நானோமீட்டரை ஒட்டியது; அரைத்த மஞ்சளின் நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். பின்விளக்கு எதுவும் அதில் இராது. முன்வடிகட்டி நீக்கப்பட்ட பழைய திரையானால், அணைந்திருக்கும்போது பின்புறத்து அலுமினிய மின்முனைகள் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும்.

அடுத்து பின்பலகையின், அதாவது திரையின் பின்னாலுள்ள மின்சுற்றுப் பலகையின், பெயர்த்தாளைப் படித்து, அந்த எண்ணுக்குரிய தரவுத்தாளை (உற்பத்தியாளரின் விவரக் குறிப்பை) தேடுங்கள். இந்தத் துறையில் உற்பத்தியாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே: ஜப்பானின் ஷார்ப், 1983-இல் அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸிலிருந்து பிரிந்து உருவான பிளானர், பின்லாந்தின் லோஹ்யா ஆகியவை முதன்மையானவை. லோஹ்யாவின் திரைப் பிரிவு பிளானரிடம் சென்று, 2012-இல் பெனெக் நிறுவனத்திடம் வந்து, லூமினெக் என்ற பெயரில் விற்பனையானது. ஒரு பெயரில் தரவுத்தாள் அகப்படாவிட்டால் மற்றப் பெயர்களிலும் தேடிப் பார்ப்பது வீண்போகாது.

திரை வேலை செய்யும் விதத்தைச் சற்றே புரிந்துகொண்டால் பின்னால் பழுது பார்ப்பது எளிதாகும். ஒளிபுகும் நிரல் (மேலிருந்து கீழாகச் செல்லும்) மின்முனைகளுக்கும் அலுமினிய நிரை (குறுக்காகச் செல்லும்) மின்முனைகளுக்கும் நடுவே, மாங்கனீசு கலந்த துத்தநாக சல்பைடு படலம் ஒன்று இருபுறமும் காப்புப் படலங்களுக்கு இடையில் அடைபட்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்தும் தலைமுடியின் பருமனில் சிறு பங்குதான். மின்புலம் ஒரு வரம்பைத் தாண்டியதும், காப்புப் படலத்தின் ஓரத்தில் சிக்கிக் கிடந்த எலெக்ட்ரான்கள் விடுபட்டுப் பாய்ந்து, வழியில் மாங்கனீசு அயனிகளை மோதி ஒளிரச் செய்துவிட்டு எதிர்ப்புற ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைத் திரும்ப ஓட்ட வேண்டுமானால் மின்முனைத் திசையை மாற்ற வேண்டும். ஆகவே நேர்மின்னோட்டத்தை இணைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒரு கணம் மின்னுவதோடு சரி. ஒவ்வொரு சட்டத்திலும், அதாவது முழுப் படமும் ஒருமுறை வரையப்படும் ஒவ்வொரு சுற்றிலும், திசை மாறி மாறி 200 வோல்ட்டை ஒட்டிய துடிப்பு ஒவ்வொரு நிரைக்கும் செல்ல வேண்டும். அந்த வேலையைத் திரையின் பின்பலகையே செய்துகொள்கிறது.

அந்த 200 வோல்ட்தான் நமக்கு ஆபத்து. வெளியிலிருந்து செல்வது 12 வோல்ட் என்பதால் பலர் அலட்சியமாகப் பலகையைத் தொட்டுவிடுகிறார்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உயர்மின்னழுத்த மின்தேக்கிகள் மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும் என்பதால், 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் இரு முனைகளையும் காப்புறையிட்ட கம்பிகளில் பற்றவைத்து வைத்துக்கொண்டு, தொடுவதற்கு முன் அதன் வழியாக அந்த மின்தேக்கிகளை வெறுமையாக்குங்கள். பின்னர் மல்டிமீட்டரால் அளந்தும் பாருங்கள்.

பெரும்பாலான திரைகளுக்கு இரண்டு மின்வழங்கல் தேவை: தர்க்கச் சுற்றுக்கு 5 வோல்ட், உயர்மின்னழுத்த மாற்றிக்கு 12 வோல்ட், சில மாதிரிகளில் பிந்தையது 24 வோல்ட்டாக இருக்கும். தரவுத்தாள் வேறு சொன்னாலொழிய, முதலில் 5 வோல்ட்டையும் அடுத்துச் சமிக்ஞைகளையும் கடைசியாக 12 வோல்ட்டையும் கொடுத்து, அணைக்கும்போது அதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுவது நல்லது. முதல் முறை மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய மேசை மின்வழங்கியையே பயன்படுத்துங்கள். பிளானர் திரைகள் பலவற்றில் தற்சோதனைக்கென ஒரு முள்ளோ இணைப்போ உண்டு. அதை இயக்கினால் வெளிச் சமிக்ஞை இல்லாமலே திரை ஒரு சோதனை வடிவத்தைக் காட்டும். அந்த வடிவம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். திரையிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டால் அஞ்ச வேண்டாம். அது இந்த வகைத் திரையின் இயல்பு.

சமிக்ஞை கொடுப்பது நினைத்த அளவு கடினமன்று. பிளானரின் 320×240 புள்ளித் திரை, ஒற்றை நிறத் திரவப் படிகத் திரைகளைப் போலவே ஒரு கடிகாரத் துடிப்புக்கு 4 புள்ளிகளாகத் தரவை ஏற்கிறது. ஆகவே அவற்றுக்கென உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு இதற்கும் பொருந்தும். திரவப் படிகத்துக்குத் தேவையான எதிர்மின்னழுத்தம் இங்கே வேண்டியதில்லை. சட்ட வேகத்தை உயர்த்தினால் ஒளியும் உயரும், மின்செலவும் உயரும். புள்ளி விட்டுப் புள்ளி எரியும் சதுரங்க வடிவம், முழுத் திரையும் எரிவதைவிட அதிக மின்சாரத்தை உறிஞ்சக்கூடும். ஒவ்வொரு நிரைக்கும் எல்லா நிரல்களையும் மின்னேற்றி இறக்க வேண்டியிருப்பதே காரணம்.

இனிப் பழுதைப் படிப்பது. என் அனுபவத்தில் இத்திரைகளில் கண்ணாடி கடைசியாகத்தான் கெடுகிறது. முற்றிலும் இருண்டிருந்தால் முதலில் ஃபியூஸையும், அடுத்து மாற்றியின் மின்னாற்பகு மின்தேக்கிகளையும் பாருங்கள். முப்பது ஆண்டில் உள்ளிருக்கும் திரவம் உலர்ந்து, படம் மங்குவதும் நடுங்குவதும் வழக்கம். ஒரே ஒரு கோடு மட்டும் காணாமற்போயிருந்தால், அந்த ஓரத்தின் இணைப்பைக் காப்புள்ள குச்சியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கோடு திரும்பி வந்தால் குறை தொடர்பில்தான். அடுத்தடுத்த கோடுகளின் ஒரு தொகுதியே போயிருந்தால் கோடுகளுக்குத் துடிப்பை அனுப்பும் இயக்கிச் சில்லைச் சந்தேகியுங்கள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்என்75551 போன்ற நிரை இயக்கிகள் ஒவ்வொன்றும் 32 கோடுகளைத் தாங்குபவை. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பக்கமும் இரட்டைப்படைக் கோடுகள் எதிர்ப்பக்கமும் இணைக்கப்பட்ட திரையில், ஒரு சில்லு போனால் சீப்பின் பற்களைப் போல ஒன்றுவிட்டு ஒன்று இருளும். இதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி போய்விட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

சிறு கருப்புப் புள்ளிகள் மட்டும் வேறு கதை. காப்புப் படலத்தின் பலவீனமான இடம் எரியும்போது அங்குள்ள அலுமினியமும் ஆவியாகி அகன்றுவிடுவதால், குறுக்குச்சுற்று ஏற்படாமல் ஒரு புள்ளியோடு நின்றுவிடுகிறது. அப்படி நின்ற புள்ளியால் தொல்லையில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் புள்ளி பெருத்தால் படலங்களைப் பாதுகாக்கும் மூடியின் வழியாக ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். அதற்கு வீட்டில் செய்யக்கூடிய மருத்துவம் இல்லை, மூடியைப் பிரித்துப் பார்ப்பதும் நிலைமையை மோசமாக்கும்.

ஓடத் தொடங்கிய திரையில் அசையாத எழுத்தை மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். எரிந்த புள்ளிகளும் எரியாத புள்ளிகளும் வெவ்வேறு வேகத்தில் முதுமையடைந்து, அந்த எழுத்தின் நிழல் நிலைத்துவிடும். கடிகாரமாக வைத்திருப்பவர்கள் இலக்கங்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சற்று நகர்த்தும்படியும், அறையில் யாரும் இல்லாதபோது திரை அணைந்துவிடும்படியும் கணினி நிரலை எழுதிக்கொள்ளலாம்.