காசு போட முன் ஒரு போன் எடுங்கள்: அன்னதானத்திலும் தொண்டிலும் நாம் விடும் பிழைகள்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறிவிட்டால் அடுத்த 25 நாளும் யாழ்ப்பாணத்தில் தான தருமத்துக்குக் குறைவே இருக்காது. சந்திக்குச் சந்தி தண்ணீர்ப்பந்தல், மடத்துக்கு மடம் சோறு, மோர், சர்க்கரைத் தண்ணீர். தேரன்று ஒரு ஆள் நினைத்தால் மத்தியானத்துக்குள் நாலு இடத்தில் சாப்பிடலாம். அதே ஊரில் மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை போய்ப் பாருங்கள், அரிசி மூட்டையின் அடியைத் தட்டிக்கொண்டிருக்கிற மடங்கள் இருக்கும். கொடுக்கிற மனம் நம்மிடம் நிறைய இருக்கிறது, ஆனால் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுக்கிறோம். பதினைந்து வருடமாக ஒரு கோயில் மடத்தில் காய் வெட்டி, பரிமாறி, கணக்குக் கொப்பியும் எழுதுகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அந்தக் கொப்பியைத் திறந்தாலே முதல் பிழை தெரியும். வெள்ளிக்கிழமைகளும் திருவிழா நாட்களும் பூரணைகளும் அடுத்த வருடத்துக்கே நிரம்பிவிட்டன, மற்ற நாட்கள் வெள்ளையாகக் கிடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து போன் வரும். “தம்பி, காசு போட்டாச்சு, வாற வெள்ளிக்கு முந்நூறு பேருக்குக் குடுங்கோ, படம் அனுப்புங்கோ.” வெள்ளிக்கு ஏற்கெனவே இரண்டு குடும்பம் இருக்கிறதே அண்ணை, செவ்வாய்க்கு மாத்தட்டோ என்று கேட்டால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. திதி என்றால் சரி, அதை மாற்றச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பிறந்தநாளும், பிள்ளை சோதனை பாஸ் பண்ணினதும் ஏன் வெள்ளிக்குத்தான் விழ வேண்டும்? மூன்று குடும்பத்தின் சமையல் ஒரே நாளில் வந்தால் மிச்சம் மாட்டுக்குப் போகும், அதற்கும் மேல் மிஞ்சினால் குப்பைக் கிடங்குக்குப் போகும்.

அப்புறம், அன்னதானம் என்றால் அரிசியும் மரக்கறியும் மட்டும்தான் என்று கனபேர் நினைக்கிறார்கள். ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்குக் காணும், முந்நூறு பேருக்கு நாற்பது கிலோ, அந்தக் கணக்கு லேசு. விறகு, காஸ், தண்ணீர் மோட்டருக்குப் போகிற கரன்ட், தேங்காய் துருவுகிற அக்காவின் கூலி, சமையல் கிடாரம் தேய்க்கிற ஐயாவின் பஸ் காசு, இவற்றுக்குச் செலவை ஏற்கும் உபயகாரர் வருவதே இல்லை. பாயாசத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். “இந்த மாதக் கரன்ட் பில் என்னுடையது” என்று ஒருவர் சொல்லி நான் இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் சொன்னவர் ஒரே ஆள், ஓய்வுபெற்ற தபால்காரர்.

நானும் சுத்தமில்லை. என் அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு ஒரு முதியோர் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தேன், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று பாயாசமும் கேசரியும் வாழைப்பழமுமாக இனிப்பாகவே போய்விட்டது. போய்ப் பார்த்தால் பந்தியில் பாதிப் பேருக்கு நீரிழிவு. பரிமாறப் பரிமாற ஒரு ஆச்சி கையால் இலையை மூடிக்கொண்டு, “மோனே, பிட்டும் சம்பலும் எண்டால் ரெண்டு நாளா ஆசையாக் கிடக்கு” என்றார். முதல் நாள் போன் எடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், அந்த மாதம் அவர்களுக்குச் சாப்பாடு தாராளமாக இருந்ததும், பெரியவர்களுக்குக் கட்டும் பம்பர்ஸ் ஒரு வாரத்துக்குக்கூட இல்லாமல் இருந்ததும். பம்பர்ஸ் வாங்கிக் கொடுத்தால் படம் எடுத்துப் போட முடியாதே, அதனால்தானோ என்னவோ ஒருவரும் வாங்குவதில்லை.

படம் பற்றி வந்ததால் சொல்லிவிடுகிறேன், சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, முகம் தெரியாத ஒருவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடவைத்து, கையில் பார்சலோடு வீடியோ எடுத்து வட்சப்பில் சுற்றவிடுவது எனக்குப் பார்க்கவே ஏலாத காரியம். அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து யாழ்ப்பாணத்தில்தான் வேலைக்குப் போகப் போகிறது, கலியாணம் கட்டப் போகிறது. காசு சேர்ந்ததா என்று பார்க்கத்தான் படம் வேண்டும் என்றால் சமையல் கிடாரத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், சாமான் வாங்கிய சிட்டையை அனுப்பச் சொல்லுங்கள். சாப்பிடுகிற முகம் தேவையில்லை.

பெயர் போடுகிற ஆசையும் இதன் தமையன்தான். மண்டபத்துத் தூணில், மின்விசிறித் தகட்டில், தண்ணீர்த் தாங்கியில் எல்லாம் உபயகாரரின் பெயரும், அவர் இருக்கும் நாடும், மனைவி பிள்ளைகளின் பெயரும். அப்பூதியடிகள் கதை சின்ன வயதில் எல்லோரும் சமய பாடத்தில் படித்ததுதான். திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தார், அதில் தன் பெயரைப் போடவில்லை, கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை வைத்தார். பிள்ளைகளுக்கும் அதே பெயர். அந்தப் பக்கம் வந்த நாவுக்கரசரே யார் இது என்று விசாரிக்க வேண்டியிருந்தது. நாம் சோதனையில் அந்தக் கதைக்குப் புள்ளி எடுத்தோம், பிறகு மின்விசிறியில் அப்பப்பா பெயரை அடித்தோம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் கவலையாகத் தெரிவது ஒரு நாள் திருவிழாவைப் பொறுப்பெடுத்த குடும்பம் அதைக் கடன்பட்டுச் செய்வதுதான். போன வருடம் பக்கத்து வீட்டார் நாலு கூட்ட மேளமும் சிகரமும் வைத்தார்கள், எங்களுடைய திருவிழா குறைந்துபோகக் கூடாது என்று தாலிக்கொடியை அடைவு வைத்தவர்களை எனக்குத் தெரியும். மூன்று வருடம் வட்டி கட்டினார்கள், கொடி திரும்பி வரவில்லை. முருகன் கேட்டாரா? நல்லூரிலே பல காலமாக அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். நகைக்கடை முதலாளிக்கும் ஒரு ரூபாய், கச்சான் விற்கிற அம்மாவுக்கும் ஒரு ரூபாய், யார் எவ்வளவு கொடுத்தார் என்று சீட்டைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. இதைவிட எளிய வழியும் நம்மிடம் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டு வைப்பார்கள், மாத முடிவில் அது கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகும். பிடியரிசி. வீட்டில் யாருக்கும் குறைந்த மாதிரித் தெரியாது. இன்றைக்கு அதைக் காசாகச் செய்யலாம், மாதம் இருநூறு ரூபாய் தவறாமல் வந்தால், வருடத்தில் ஒருநாள் வரும் பெரிய தொகையைவிட மடத்துக்கு அதுதான் உதவி, ஏனென்றால் அதை நம்பி அரிசி சொல்லி வைக்கலாம்.

தொண்டு செய்ய வருபவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. கையில் பட்டி கட்டியதும் சிலருக்குக் குரல் மாறிவிடுகிறது. வெயிலில் நடந்து வந்த கிழவியை “அங்கால போ” என்று விரட்டுவது தொண்டில்லை. இரண்டாம் தரம் பந்திக்கு வந்தவரைக் கண்டுபிடித்து வெட்கப்படுத்துவதும் அப்படித்தான். பசித்தால்தானே திரும்ப வருகிறார், அப்படி ஆசைக்கு வந்தால்தான் என்ன, ஒரு அகப்பைச் சோறு. ஆள் பார்த்துப் பரிமாறுவது இதைவிட மோசம். தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது, அப்படியிருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சனம் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. இன்றைக்கு வாசல் திறந்திருக்கலாம், ஆனால் பந்தியில் குந்தியவரிடம் “நீங்கள் எவடம், ஆற்ற ஆக்கள்” என்று விசாரிக்கிற வாய் சில இடத்தில் இன்னும் மூடவில்லை. சோற்று வாளியோடு நிற்கும்போது கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் போடட்டோ.

சமையல் பக்கம் ஒரு எச்சரிக்கை. விடியக் காலமை ஐந்துக்கு வடித்த சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, பெட்டியில் அடுக்கி, மத்தியானம் ஒன்றரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கொதிசூடும் இல்லாமல், ஆறியும் போகாமல், வெதுவெதுப்பாக மூடிக்கிடக்கும் சோற்றில்தான் கிருமி பெருகும், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அப்படிக் கிடக்க விடக்கூடாது. தயிர்ச்சாதம், தேங்காய்ப்பால் விட்ட கறி என்றால் இன்னும் கவனம். தொகையாகச் சமைப்பதென்றால் இரண்டு உலையாகப் பிரித்து வையுங்கள், இரண்டாவது உலை பந்தி தொடங்கின பிறகு இறங்கட்டும்.

தண்ணீர்ப்பந்தலில் பிளாஸ்டிக் கோப்பையும் வேண்டாம், 2023 ஒக்டோபரிலிருந்து அதற்கு நாட்டில் தடை இருக்கிறது. பனை வளவுக்குள் இருந்துகொண்டு கோப்பைக்கு அலைகிறோம், பனையோலையில் பிளா என்கிற கோப்பை கோலுகிற கை இன்னும் ஊரில் இருக்கிறது, அவர்களுக்கும் இரண்டு காசு சேரும். சில்வர் டம்ளர் என்றால் கழுவ ஆளை முதலே பிடித்து வையுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போடாதீர்கள், சபையின் கணக்குக்குப் போடுங்கள், பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கோவிக்கிறவரிடம் கொடுக்காமல் விட்டாலும் ஒரு பாவமும் இல்லை. கணக்கு எழுதுகிறவன் நான் சொல்கிறேன், பற்றுச்சீட்டு கேட்பவரைக் கண்டால் எனக்குச் சந்தோசம், என் மேல் நாளைக்கு ஒரு கதை வராது.

கோயிலுக்குக் கொடுத்தால்தான் புண்ணியம், வெளியே கொடுத்தால் அது வெறும் உதவி என்று பிரிப்பவர்களுக்கு நான் தெல்லிப்பழையைக் காட்டுவேன். துர்க்கை அம்மன் கோயிலைப் பொறுப்பெடுத்து நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் கோபுரம் கட்டியதோடு நிற்கவில்லை, ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்குக் கோயிலோடு சேர்த்து ஒரு இல்லமும் நடத்தினார். அந்தப் பிள்ளைகளின் கொப்பிக்கும் செருப்புக்கும் கொடுப்பது அம்மனுக்குச் சேராது என்று அவரிடம் போய் ஒருவராவது சொல்லியிருப்பார்களா? பட்டுச் சேலை கொடுக்க நினைத்தால் கொடுங்கள், அதற்கு முன் கோயில் அலுமாரியில் எத்தனை பட்டு மடித்தபடி இருக்கிறது என்று ஐயரிடம் ஒருக்கால் கேளுங்கள், அவர் சிரிப்பார்.

எங்கள் மடத்தில் இப்போதைக்கு அரிசி இருக்கிறது, பருப்பும் இருக்கிறது. கிடாரம் தேய்க்கிற ஐயாவுக்கு முழங்கால் வருத்தம், இரண்டு மாதமாக நாங்களே மாறி மாறித் தேய்க்கிறோம். வெள்ளி வேண்டாம், வெள்ளிக்கு ஆள் இருக்கிறது. செவ்வாய் பின்னேரம் இரண்டரைக்கு வந்தால் போதும், பழைய சாரம் ஒன்று கொண்டு வாருங்கள்.