‘கள்ளத்தோணி’: ஒரு வசைச்சொல்லை வகுப்பில் எடுப்பது எப்படி

தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழரைக் குறிக்க யாழ்ப்பாணத்தில் புழங்கிய வசைகள் பல: கள்ளத்தோணி, தோட்டக்காட்டான், வடக்கத்தியான். கடைசி இரண்டும் நம்மவர் வாயில் பிறந்தவை. முதலாவதன் பின்னால் சட்டங்கள் நிற்பதால் பாடத்துக்கு அதையே எடுங்கள். தரம் 10 அல்லது 11, ஓர் இரட்டைப் பாடவேளை (80 நிமிடம்) போதும்.

சொல்லைப் பலகையில் எழுதித் தொடங்க வேண்டாம். பின்வாங்கில் சிரிப்பு எழும்பும். இடைவேளைக்குள் அது யாரோ ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயராகிவிடும். முதல் 25 நிமிடமும் அந்த மக்களின் முன்னோர் வந்த பயணத்தைப் பற்றி மட்டுமே பேசுங்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியிலேயே கொலராவுக்கும் பசிக்கும் செத்தவர்கள். 2023இல் ‘மலையகம் 200’ நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே திசையில் போனது. படத்தில் அந்தப் பாதையைப் பிள்ளைகளே கீறட்டும். பிறகு மண்டபம் முகாம்: இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய இடம். ஆட்களைத் தடுத்துவைத்து, நோய் சோதித்து, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வில்லையை மட்டையில் வெட்டி வகுப்பில் கைமாற விடுங்கள். எண்ணிப் பதிந்து, அரசே ஏற்றி இறக்கிய பயணம் என்பது பிள்ளைகளுக்குக் கையிலேயே பிடிபடும்.

அதன் பின்பே சொல்லுக்கு வாருங்கள். ஒரு தடவை எழுதுங்கள், பிறகு ‘அந்தச் சொல்’ என்றே குறிப்பிடுங்கள். “உண்மையிலும் களவாத் தோணியில வந்தவை இருக்கினம்தானே?” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஓம் என்றே சொல்லுங்கள். மறுத்தால் மிச்சத்தையும் நம்பமாட்டார்கள். 1940களின் கடைசியில் குடிவரவுக் கட்டுப்பாடு இறுகியபின் பாக்குநீரிணையை இரவில் கடந்தவர்கள் உண்டு. 1950களில் வடகரையில் படையினர் காவலும் நின்றார்கள். அந்தத் தோணிகளுக்கு உரிய பெயரை, பல பத்தாண்டுகள் முன்னரே வில்லையோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மேல் ஒட்டியதுதான் மோசடி. இரண்டுக்கும் இடையிலுள்ள ஆண்டுகளைப் பலகையில் கோடாகக் கீறிக் காட்டுங்கள்.

சட்டங்களுக்கு ஒரு பயிற்சி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது: தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். ஒரு கற்பனைக் குடும்ப மரத்தைக் கொடுத்து, எந்தப் பத்திரங்கள் தேவை என்று பட்டியலிடச் சொல்லுங்கள். பிள்ளைகளின் சொந்தக் குடும்பத்தைக் கேட்கவே கூடாது. தகப்பன் காணாமல் போன பிள்ளை வகுப்பில் இருக்கலாம். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் எத்தனை வீட்டுப் பெட்டகங்கள் தொலைந்தன என்பதை மட்டும் பொதுவாக நினைவூட்டினால், பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் என்பது எவ்வளவு எட்டாத பொருள் என்று தானாகப் புரியும்.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். 1949இன் இரண்டு சட்டங்களோடு வாக்குரிமையும் போனது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்பதாக. நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவு காண 2003க்குப் பின்னும் சட்டம் வந்துகொண்டிருந்தது. ஆனால் யாழ்ப்பாணத் தலைவர்கள் இதில் பிரிந்து நின்றதை விடக்கூடாது. ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் அமைச்சராகச் சேர்ந்தார், எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவரது தமிழ்க் காங்கிரஸிலிருந்து விலகி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பாடம் பெரும்பாலும் தடம் புரள்வது இதற்குப் பின்புதான். தெற்கில் இதே சொல்லை யாழ்ப்பாணத்தவர் மேலும் எறிந்தார்கள் என்றதும் வகுப்பு சூடாகும், எல்லோரும் அதையே பேச விரும்புவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். அடுத்த கேள்வி தயாராக இருக்கட்டும்: 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களை நாங்கள் எப்படி நடத்தினோம்? காணி, கூலி, கலியாணம், வீட்டு வேலைக்குக் கொண்டுவந்த சிறுவர்கள். அமைதியாகிவிடுவார்கள், அந்த அமைதியை நிரப்ப அவசரப்பட வேண்டாம். சாதி வசைகளை இதற்குள் இழுக்காதீர்கள். அதற்குத் தனிப் பாடம் வேண்டும், இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

மலையகப் பின்னணி உள்ள பிள்ளையிடம் “நீங்கள் சொல்லுங்கோ” என்று கேட்பது மிக மோசமான பிழை. பாடத்துக்கு முந்தின நாளே பெற்றோருக்கு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். பிறகு யாராவது அந்தச் சொல்லைப் பாவித்து, “பகிடிக்குத்தான் சேர்” என்றால், வகுப்பின் முன் ஏசாமல் தனியே கூப்பிட்டு, அதே கற்பனைக் குடும்பத்தை வைத்து 1948 பயிற்சியை மறுபடி செய்துபார்க்கச் சொல்லுங்கள். பொதுவில் ஏசினால் சொல் இன்னும் பரவும்.

பெயர் பற்றியும் கேட்பார்கள். அரச ஆவணங்களில் ‘இந்தியத் தமிழர்’ என்ற வகை இருக்கிறது; அந்த மக்களில் பலர் ‘மலையகத் தமிழர்’ என்பதையே விரும்புகிறார்கள். வகுப்பில் பின்னதைப் பாவியுங்கள். படிவத்தில் எதை நிரப்புவது என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. ஆசிரியர் திருத்தப் போகக்கூடாது.