ஒரே தொட்டியில் நாலு நட்டுவாக்காலி: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

தேள் வளர்க்கிறேன் என்று எங்கள் ஊரில் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அடுத்த நிமிஷம் உட்கார்ந்திருக்கும் பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் பனையோலையும் கருவேல விறகும் கிடக்காத வீடு அபூர்வம், அதனால் தேள்கடி வாங்காத குடும்பமும் அபூர்வம். என் அப்பத்தா இன்றைக்கும் என் அறைக்குள் கால் வைப்பதில்லை. வாசலில் நின்றபடியே "சோறு ஆறுதுடா" என்று குரல் கொடுப்பதோடு சரி.

கூட்டாகத் தேள் வளர்ப்பது எப்படி என்று நிறைய பேர் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் எல்லாத் தேளையும் அப்படி வைக்க முடியாது.

எந்தத் தேள்?

கருப்பாக, கைப்பிடி அளவுக்கு, நண்டு மாதிரி தடித்த கொடுக்குகளோடு இருக்குமே, அந்த நட்டுவாக்காலி மட்டும்தான். பழைய புத்தகங்களில் இதை ஹெட்டிரோமெட்ரஸ் என்று போட்டிருப்பார்கள். 2020-ல் அந்தப் பேரினத்தைப் பல துண்டாகப் பிரித்துப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். வளர்க்கும் முறையில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

செந்தேளைத் தொடவே தொடாதீர்கள். நிறத்தை வைத்து முடிவு பண்ணவும் கூடாது, செந்தேள் ஆரஞ்சிலிருந்து கரும்பழுப்பு வரை எந்த நிறத்திலும் வரும். பார்க்க வேண்டியது கொடுக்கையும் வாலையும் (கொடுக்கு என்று நான் சொல்வது முன்னால் இருக்கும் இடுக்கியை, கொட்டும் முள்ளை இல்லை). கொடுக்கு ஒல்லி, வால் தடிமன் என்றால் விஷம் அதிகம். கொடுக்கு தடிமன், வால் ஒல்லி என்றால் பெரும்பாலும் ஆபத்து குறைவு. இது தோராயமான கணக்குதான், ஆனாலும் உதவும்.

செந்தேள் கொட்டினால் உடம்பெல்லாம் வியர்க்கும், வாந்தி வரும், கைகால் ஜில்லிட்டுப் போகும், இதயமும் நுரையீரலும் அடிவாங்கும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980-களில் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். அது வந்த பிறகுதான் செந்தேள் கடியில் சாவு குறைந்தது. எந்தத் தேள் கொட்டினாலும் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சேர்ந்து தேசியப் பூங்கா. அங்கிருந்தோ காப்புக்காட்டிலிருந்தோ எதையும் எடுத்து வரக் கூடாது. என் முதல் ஜோடி, சிவகங்கைப் பக்கம் தோப்பில் குழி வெட்டிய ஓர் அண்ணன் மண்வெட்டியிலிருந்து காப்பாற்றிக் கொடுத்தது.

தொட்டி

நாலு பெரிய தேளுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலக் கண்ணாடி மீன் தொட்டி போதும். உயரம் முக்கியமில்லை, தரைதான் முக்கியம். கண்ணாடியில் தேள் ஏறாது. ஆனால் மூலையில் சிலிக்கான் பசை தடவியிருக்கும் இல்லையா, அதைப் பிடித்து ஏறிவிடும். நான் இதைத் தெரிந்துகொண்டது ராத்திரி இரண்டு மணிக்கு, தலையணைக்குப் பக்கத்தில். திருடனுக்குத் தேள் கொட்டின கதை, கத்தவும் முடியவில்லை. அன்றிலிருந்து கம்பி வலை மூடி, அதன் மேல் இரண்டு செங்கல்.

எறும்பு வந்தால் எல்லாம் முடிந்தது, அதுவும் தோல் உரிக்கும் சமயத்தில். கருவாடு காயும் வீட்டில் எறும்புக்குச் சொல்லவா வேண்டும்? தொட்டியை ஸ்டூலில் வைத்து, நாலு காலுக்கும் தண்ணீர் ஊற்றின கிண்ணம் வையுங்கள். பழைய காலத்துச் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்ததுதான்.

மண்

கடற்கரை மணல் வேண்டாம். உப்பு இருக்கிறது, பிடிமானமும் இல்லை, தேள் வளை தோண்டினால் சரிந்துவிடும். கண்மாய் வண்டல் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு எடுங்கள். இரண்டையும் பழைய இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்தால் செள்ளும் பூச்சி முட்டையும் போய்விடும். ஆழம் ஐந்தாறு அங்குலம்.

ஈரம் எவ்வளவு? ஒரு பிடி மண்ணை அமுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. போர் தண்ணீர் எங்கள் பக்கம் உப்பு, குடிக்கிற குடத்துத் தண்ணீரையே ஊற்றுங்கள். மேலே தெளிக்காமல் ஒரு மூலையில் மட்டும் ஊற்றினால் ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் காய்ச்சலுமாக இருக்கும், தேள் தனக்குத் தோதான இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மண் இரண்டே நாளில் காய்ந்துவிடும், வாடையில் பூஞ்சை பிடிக்கும். ஒரே அளவு வருஷம் முழுக்க ஒத்துவராது.

வெப்பம் 25 முதல் 30 டிகிரி நல்லது. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால் சித்திரை, வைகாசியில் தொட்டியைத் தரைக்கு இறக்கிவிடுங்கள்.

ஒன்றாக விடுவது

சண்டைக்கு மூன்றே காரணம்தான்: பசி, இடப் பற்றாக்குறை, அளவில் வித்தியாசம். கிட்டத்தட்ட ஒரே அளவு உள்ளவற்றை, வயிறார ஊட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் புதுத் தொட்டியில் விடுங்கள். ஏற்கெனவே ஒன்று குடியிருக்கும் தொட்டியில் இன்னொன்றை விட்டால் அது விருந்தாளி இல்லை, விருந்து.

நாலு தேளுக்கு ஐந்து மறைவிடம். உடைந்த நாட்டு ஓடு, கவிழ்த்த சிரட்டை, மரப்பட்டை எது வேண்டுமானாலும் போடலாம், ஒன்றுக்கொன்று தள்ளியிருக்க வேண்டும். முதல் வாரம் ராத்திரி தினமும் பாருங்கள். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையும் நீலமுமாக ஒளிரும். கொடுக்கால் தட்டிப் பார்ப்பது, தள்ளுவது எல்லாம் சகஜம். ஒன்று எந்நேரமும் கண்ணாடி ஓரத்திலேயே ஒதுங்கிக் கிடந்தால் அதைத் தனியே எடுத்துவிடுங்கள்.

சாப்பாடு

வாரம் ஒருமுறை ஆளுக்கு ஒரு வெட்டுக்கிளியோ சில்வண்டோ. வீட்டுக் கரப்பான் வேண்டாம், எவர் வீட்டு மருந்தைத் தின்றதோ. இரையைத் தொட்டியின் இரண்டு கோடியிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். கூழாங்கல் போட்ட ஆழமில்லாத மூடியில் தண்ணீர் வையுங்கள்.

மறுநாள் காலை மிஞ்சின பூச்சியை எடுத்தே ஆக வேண்டும். என்னிடம் இருந்த ஒன்று சாப்பிடாமல் சோம்பிக் கிடந்தது. பசிக்கும்போது தின்னட்டும் என்று இரண்டு சில்வண்டை உள்ளேயே விட்டுவைத்தேன். அன்று ராத்திரி அது தோல் உரித்தது. புதுத்தோல் பால்வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். காலையில் பார்த்தபோது இரண்டு கால் இல்லை, வயிற்றோரம் கடித்த ஓட்டை. தின்ன வேண்டியதை இரை தின்றுவிட்டது. தேள் சாப்பிட மறுத்தால் தோல் உரிக்கப் போகிறது என்று எண்ணிக்கொண்டு அதைத் தனி டப்பாவுக்கு மாற்றுங்கள். கூட்டுத் தொட்டியில் கூட்டாளிகளும் சும்மா இருக்க மாட்டார்கள்.

குஞ்சு எடுப்பது

ஆணா பெண்ணா என்று பார்க்க, கண்ணாடி டப்பாவில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். வயிற்றில் இரண்டு சீப்பு மாதிரி உறுப்பு இருக்கும். சீப்புப் பல் நீளமாக இருந்தால் ஆண், குட்டையாக இருந்தால் பெண்.

தொட்டியில் ஒரு கடப்பாக்கல் துண்டு போடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆண், பெண்ணின் கொடுக்கைக் கொடுக்கால் கோத்துக்கொண்டு முன்னும் பின்னும் இழுத்துப் போகும், கோலாட்டம் மாதிரி. அது தேடுவது கெட்டியான இடம். அங்கே விந்துப் பொதியைத் தரையில் ஒட்டிவைத்து, பெண்ணை அதன் மேல் இழுக்கும். பொலபொல மண்ணில் அது ஒட்டாது. ஆட்டம் முடிந்ததும் ஆணைச் சில நாள் தள்ளி வையுங்கள், பெண்ணுக்குப் பசி வந்தால் உறவு தெரியாது.

பிறகு பொறுமை. தேள் முட்டையிடாது, குட்டிதான் போடும். நட்டுவாக்காலிக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகலாம். வயிற்றின் பக்கவாட்டுச் சவ்வு விரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தால் தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றி, துணி போட்டு மூடிவிடுங்கள். அடிக்கடி திறந்தால் குட்டிகளைத் தானே தின்றுவிடும்.

குட்டி முதுகைக் கிழித்து வரும், தாயைத் தின்று வளரும் என்று அப்பத்தா சத்தியம் பண்ணும். குட்டிகள் தாயின் முதுகில் ஏறுவதைப் பார்த்துக் கட்டின கதை அது. வெள்ளை வெளேரென்று இருக்கும், ஒன்றும் தின்னாது. ஒன்றிரண்டு வாரத்தில் முதல் தோல் உரித்து, நிறம் ஏறி, கீழே இறங்கும். அப்போது சின்னச் சில்வண்டு, இல்லையென்றால் பெரிய பூச்சியை நறுக்கிப் போடுங்கள். தாய் பிடித்த இரையிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். சில வாரம் கழித்துத் தாயைத் தனியாக எடுத்துவிடலாம்.

குட்டிகளை எண்ண டார்ச் எடுக்கிறீர்களா? தோல் உரித்த புதிதில் சரியாக ஒளிராது, ஒன்றிரண்டு கண்ணுக்குத் தப்பும். எண்ணிக்கை முன்தினத்தோடு ஒத்துப்போகும் வரை மூடியைக் கையில் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.