ரீசெட் செய்த கைப்பேசியும் பூட்டிய மெமரி கார்டும்: எதை மீட்கலாம், எப்படி மீட்கலாம்

யாங்கூனில் கைப்பேசியின் வடிவப் பூட்டு மறந்துபோனால், பக்கத்துக் கடையில் கொடுத்து முழு ரீசெட் செய்து வாங்குவதே பெரும்பாலோரின் வழக்கம். மெமரி கார்டு தனிப்பொருள், அதற்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். கார்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதாவது கோப்புகள் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றிப் பூட்டப்பட்டிருந்தால், அந்த நம்பிக்கை பொய்த்துவிடும். அண்மையில் என் சித்தியின் கைப்பேசிக்கு இதுவே நேர்ந்தது. கோயில் தீமிதியின் படங்களும், மறைந்த சித்தப்பாவின் படங்களும் அந்தக் கார்டில்தான் இருந்தன. அவற்றில் ஒரு பகுதியை மீட்டெடுத்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கார்டில் உள்ள கோப்புகளைப் பூட்டிய சாவி கார்டில் இருப்பதில்லை. அது கைப்பேசியின் உள்நினைவகத்தில் இருக்கிறது. முழு ரீசெட் அந்த உள்நினைவகத்தைத் துடைக்கும்போது சாவியும் போய்விடுகிறது. கார்டை அதே கைப்பேசியில் திரும்பப் போட்டாலும், பழைய வடிவப் பூட்டை நினைவுபடுத்தி மீண்டும் வைத்தாலும் பயனில்லை, ஏனெனில் கைப்பேசி இப்போது புதிய சாவியையே உருவாக்கும். ஆண்ட்ராய்டு 6 பதிப்பில், 2015-இல், கார்டைக் கைப்பேசியின் சொந்த நினைவகம்போல ஆக்கிக்கொள்ளும் (உள்நினைவகமாக்கும்) வசதி வந்தபோது அதற்கு 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கம் பயன்படுத்தப்பட்டது. அதில் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது; ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது எந்தக் கணினியாலும் ஆகாத காரியம். ஆகவே, பணம் கொடுத்தால் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களுக்கும் கடைகளுக்கும் ஒரு கியாட்டும் கொடுக்காதீர்கள். பூட்டப்படாமல் எஞ்சியிருப்பதை எடுப்பதும், வேறிடத்தில் உள்ள நகல்களைத் தேடுவதுமே நம்மால் ஆகக்கூடியவை.

படி 1. கார்டில் எதையும் எழுத விடாதீர்கள். கைப்பேசியிலிருந்து உடனே கழற்றி, அடாப்டரில் செருகி, அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டுக் கணினியில் போடுங்கள். இந்தக் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

படி 2. எந்த வகைப் பூட்டு என்று கண்டறியுங்கள். எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். இதில் தெளிவு கிடைக்காமல் அடுத்த படிக்குப் போவது வீண் உழைப்பு. விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதியைத் திறந்து பாருங்கள். கார்டில் 16 எம்பி அளவில் ஒரு சிறு பகுதியும், மீதி முழுவதும் இன்னொரு பகுதியுமாக இருந்தால், அது உள்நினைவகமாக மாற்றப்பட்ட கார்டு. அதில் கோப்புப் பட்டியல்கூடத் தெரியாது, ஏனெனில் பெரிய பகுதி முழுவதுமே ஒரே குறியாக்கத்தில் இருக்கிறது. மாறாக, சாம்சங் கைப்பேசிகளில் உள்ள கார்டு குறியாக்க வசதி கோப்புகளைத் தனித்தனியே பூட்டுகிறது. கோப்புறைகளும் பெயர்களும் வழக்கம்போலத் தெரியும். ஆனால் படம் திறக்காது. இதைப் பார்த்துப் படம் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் பழுதுநீக்கும் மென்பொருளைத் தேடுவோர் பலர்.

பழுதா, பூட்டா என்பதை உறுதிசெய்ய ஒரு நேரான சோதனை உண்டு. எச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து முதல் மூன்று பைட்டுகளைப் பாருங்கள். உண்மையான ஜேபெக் படம் ‘எஃப்எஃப் டி8 எஃப்எஃப்’ என்று தொடங்கும். பிடிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் இருக்கும். இவை இல்லாமல், பக்கம் பக்கமாக ஒழுங்கற்ற எண்களே நிறைந்திருந்தால், பெரும்பாலும் அது பூட்டிய கோப்பே. பத்துப் பதினைந்து கோப்புகளையாவது சோதியுங்கள். சில பழைய சாம்சங் கைப்பேசிகளில் ஊடகக் கோப்புகளை மட்டும் குறியாக்கத்திலிருந்து விலக்கும் தேர்வு இருந்தது. அது தேர்வாகியிருந்தால் படங்கள் பூட்டப்படாமலே கிடைக்கும்.

படி 3. கார்டின் முழுப் பிம்பத்தை, அதாவது அதிலுள்ள எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பை, எடுங்கள். இதற்கு நான் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளைத் தவிர வேறொன்றையும் பரிந்துரைக்க மாட்டேன். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து இயக்கி இதைப் பயன்படுத்தலாம். எதுவரை படித்தது என்பதை இது ஒரு மேப் கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊர் மின்வெட்டில் இதைவிடப் பெரிய வசதி இல்லை. பிம்பத்தையும் மேப் கோப்பையும் வெளிவட்டில் சேமியுங்கள். பென்டிரைவில் இயங்கும் உபுண்டுவிற்குள் வைத்தால் கணினி அணைந்ததும் இரண்டும் போய்விடும். 64 ஜிபி கார்டுக்கு அதே அளவு காலியிடம் தேவை. நொடிக்கு 20 எம்பி வேகத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

படி 4. பிம்பத்தின் மீது போட்டோரெக் என்ற கோப்பு மீட்பு மென்பொருளை இயக்குங்கள். கார்டைக் குறியாக்கம் செய்வதற்கு முன் அதிலிருந்த படங்களின் எச்சங்கள், மேலெழுதப்படாத இடங்களில் இன்னும் இருக்கக்கூடும். போட்டோரெக் கோப்புப் பட்டியலை நம்பாமல் தொடக்கப் பைட்டுகளைக் கொண்டே தேடுவதால் அவற்றைக் கண்டுபிடிக்கிறது. பகுதி அல்லாமல் முழு வட்டையும் தேடும்படி தேர்ந்தெடுங்கள். பெயர்கள் திரும்பக் கிடைக்காது, எண்களாகவே வரும். சித்தப்பாவின் படங்களில் பல இந்தப் படியில்தான் கிடைத்தன, ஏனெனில் அவை குறியாக்கத்திற்கு முந்தியவை. அதன் பிறகு எடுத்தவை கிடைக்கவில்லை.

படி 5. நகல்களைத் தேடுங்கள். கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படங்களை யாரேனும் அழித்திருந்தாலும் 60 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும். ஆனால் நம் ஊரில் கைப்பேசி வாங்கும்போது கடைக்காரரே ஒரு ஜிமெயில் கணக்கை உருவாக்கிக் கொடுப்பதுண்டு. உரியவருக்கு அதன் கடவுச்சொல் தெரிந்திருக்காது. ரீசெட்டுக்குப் பின் இன்னொரு கணக்குத் திறந்துகொண்டு, பழையதை மறந்துவிடுவார்கள். கைப்பேசிப் பெட்டியிலோ ரசீதிலோ அந்த முகவரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிம் எண்ணைக் கொண்டு கணக்கை மீட்க முயலுங்கள். உறவினர்களுக்கு வைபரிலோ டெலிகிராமிலோ அனுப்பியவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

ரூட் செய்த, அதாவது இயங்குதளத்தின் முழு அதிகாரத்தையும் திறந்துவைத்த, கைப்பேசி வைத்திருப்போருக்கு மட்டும் ஒரு சொல்: ரீசெட்டுக்கு முன் டிடபிள்யூஆர்பி என்ற மீட்புக் கருவி மூலம் தரவுப் பகுதியைக் காப்பெடுத்திருந்தால், அதற்குள் ‘வோல்ட்’ கோப்புறையில் உள்நினைவகக் கார்டின் சாவிக் கோப்பு இருக்கலாம். பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் அதைக் கொண்டு லினக்ஸில் கார்டைத் திறக்க முடியும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த மௌல்மீன் வாசகர் ஒருவர், தம் கைப்பேசி இன்னும் ரீசெட் செய்யப்படவில்லை, வடிவப் பூட்டு மட்டுமே மறந்துவிட்டது என்று எழுதினார். ஐயா, அப்படியானால் சாவி இன்னும் உள்ளே இருக்கிறது; தயவுசெய்து கடையில் கொடுத்துவிடாதீர்கள். சாம்சங் கணக்கு இணைக்கப்பட்டு, தொலைவிலிருந்து பூட்டுத் திறக்கும் வசதி முன்பே இயக்கப்பட்டிருந்தால், கைப்பேசி இணையத்தில் இருக்கும்போது கணினி வழியே திறக்கலாம். திறந்ததும், பாதுகாப்பு அமைப்புகளில் கார்டின் குறியாக்கத்தை நீக்கிய பிறகே ரீசெட் செய்யுங்கள்.

இன்னொருவர், தம் கார்டில் கோப்புப் பெயர்கள் சிதைந்து தெரிவதால் அது பூட்டப்பட்டிருக்கிறது என்று அஞ்சினார். அவர் அனுப்பியதைப் பார்த்தேன். பெயர்கள் பர்மிய மொழியில், ஸோஜீ என்ற பழைய எழுத்துரு முறையில் எழுதப்பட்டவை; யூனிகோடு முறையில் அவை சிதைந்து தெரியும். 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறும் வரை நம் கைப்பேசிகளில் பெரும்பாலும் ஸோஜீயே இருந்தது. பெயர் மட்டும் குழம்பி, படம் சரியாகத் திறந்தால் அது குறியாக்கம் அன்று. பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.