ஐந்து பேரோடு கணக்கை முடிக்காதீர்கள்: என்எஃப்எல் அஃபென்சிவ் லைன் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் இறுதிப்போட்டிதான் சூப்பர் பவுல். 2021 பிப்ரவரியில் நடந்ததை இன்னும் அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) பாட்ரிக் மஹோம்ஸ் பந்தை வாங்கிய கையோடு ஓடத் தொடங்குவார். நின்று வீச இடமே கிடைக்காது. தம்பா பே 31-9 என்று வென்றது. அன்று சீஃப்ஸின் தடுப்பு வரிசையில் ஓரங்களில் நிற்கும் இரண்டு டாக்கிள்களும், எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷ்வார்ட்ஸும், காயத்தால் ஆடவில்லை. வலது டாக்கிளாக ஆடிவந்த மைக் ரெம்மர்ஸை இடது பக்கம் கொண்டுபோனார்கள். கார்டாக ஆடிய ஆண்ட்ரூ வைலியை வலது டாக்கிளாக நிறுத்தினார்கள். போனது இரண்டு பேர். ஆனால் வரிசை முழுவதும் கலைந்துவிட்டது.

குவாட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் ஐவர்தான் அஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டாக்கிள்கள். அடுத்த சீசனுக்குத் திட்டமிடும்போது பெரும்பாலோர் இந்த ஐந்து இடத்துக்கும் பெயர் எழுதியதும் பேனாவை மூடிவிடுகிறார்கள். என் பார்வையில் பெரிய தவறு அதுதான். 17 ஆட்டம் கொண்ட சீசனில் அதே ஐவர் கடைசிவரை நிற்பது அபூர்வம்.

சின்சினாட்டி பெங்கால்ஸைப் பாருங்கள். 2021 சீசனின் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் டென்னசிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் பெங்கால்ஸ் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவை ஒன்பது முறை பந்தோடு வீழ்த்தினார்கள். சூப்பர் பவுலில் ஏழு முறை. அந்த வேதனையில் டெட் கராஸ், அலெக்ஸ் காப்பா, லயல் காலின்ஸ் என மூன்று லைன்மேன்களை ஒரே மார்ச் மாதத்தில் சேர்த்தது அணி. வாங்கியதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2023 ஜனவரியில் பிளேஆஃபில் சீஃப்ஸை எதிர்கொண்டபோது காப்பா, காலின்ஸ், இடது டாக்கிள் ஜோனா வில்லியம்ஸ் மூவருமே காயத்தில் இருந்தார்கள். 23-20 என்று ஆட்டம் கைவிட்டுப் போனது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் யார் என்பதும் வீரர்களைச் சேர்க்கும் மார்ச் மாதமே முடிவாக வேண்டிய விஷயம். வீரர் சங்கத்தோடு செய்த 2020 ஒப்பந்தத்தில் லீக்கே இதற்கு வழி செய்திருக்கிறது: எட்டு லைன்மேன்களை வைத்துக்கொண்டால் ஆட்டநாளில் ஒருவரைக் கூடுதலாக, 48 வீரர்களைத் தயார் நிலையில் வைக்கலாம்.

அடுத்தது, இடம் மாற்றுவதைச் சாதாரணமாக நினைப்பது. இடது டாக்கிளும் வலது டாக்கிளும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராக இயங்குபவர்கள். எந்தக் காலைப் பின்னே வைப்பது, எந்தக் கை முதலில் எதிராளியைத் தொடும் என எல்லாமே தலைகீழ். வலக்கை மட்டையாளரைத் திடீரென்று இடக்கையில் ஆடச் சொல்வது போன்றது. கார்டை ஓரத்துக்கு அனுப்பினால் இன்னொரு சிக்கல்: ஓர் ஓட்டையை அடைக்கப்போய் இரண்டு இடம் பலவீனமாகும். 2024 சீசனில் சீஃப்ஸுக்கு அதுவே நடந்தது. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் எடுத்த புதியவர் கிங்ஸ்லி சுவாமாட்டயாவை முதல் ஆட்டத்திலேயே இடது டாக்கிளாக இறக்கி, இரண்டாவது ஆட்டத்திலேயே வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு வான்யா மாரிஸ், டி.ஜே. ஹம்ஃப்ரீஸ். கடைசியில் லீக்கின் மிகச்சிறந்த இடது கார்டுகளில் ஒருவரான ஜோ தூனியையே ஓரத்துக்கு நகர்த்தினார்கள். 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கூடுதல் ஆளை அனுப்பாமலே மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தி, 40-22 என்று வென்றது.

புதியவரை இறக்கிவிட்டால் ஆடி ஆடியே கற்றுக்கொள்வார் என்ற நம்பிக்கையும் எல்லோருக்கும் பொருந்தாது. 2011 முதல் சீசனுக்குள் முழுக் கவசம் அணிந்து செய்யும் பயிற்சி 14 முறைதான். உடலோடு உடல் மோதிப் பழக வாய்ப்பே குறைவு. 2021இல் சீஃப்ஸுக்காகக் க்ரீட் ஹம்ஃப்ரியும், ஆறாம் சுற்றில் கிடைத்த ட்ரே ஸ்மித்தும் முதல் ஆண்டே 17 ஆட்டமும் ஆடினார்கள் என்பது உண்மை. அவர்கள் நின்றது நடுவில். ஓரத்தில் வேகமாகச் சுற்றி வருபவரை எதிர்கொள்ளும் டாக்கிளுக்கு உதவி அவ்வளவு எளிதில் கிடைக்காது.

மாற்று ஆளை, தேவை வருவதற்கு முன்பே எடுப்பதில் ஈகிள்ஸை நான் மனதார மதிக்கிறேன். சென்டர் ஜேசன் கெல்சி நன்றாக ஆடிக்கொண்டிருந்த 2022இலேயே கேம் ஜர்கன்ஸை இரண்டாம் சுற்றில் எடுத்தார்கள். ஓராண்டு பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார், மறு ஆண்டு கெல்சிக்குப் பக்கத்திலேயே கார்டாக ஆடினார். 2024 மார்ச்சில் கெல்சி ஓய்வு பெற்றபோது தேடவேண்டிய அவசியமே வரவில்லை. எதிரணியின் அமைப்பைப் படித்து, யார் யாரைத் தடுப்பது என்று மற்ற நால்வருக்கும் குரல் கொடுப்பவர் சென்டர். அந்த இடத்தைக் கடைசி நேரத்தில் நிரப்பினால் ஐவரும் தடுமாறுவார்கள். இடது டாக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கன் ஃபுட்பாலே ஆடாதவரை 2018இல் கடைசிச் சுற்றில் எடுத்து, பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்டிடம் ஒப்படைத்தார்கள். 2020 சீசனில்தான் அவர் முதன்முதலாக ஆட்டத்தில் இறங்கினார். ஜர்கன்ஸ் சென்டராக, மைலாட்டா இடது டாக்கிளாக இருவரும் தொடங்கிய சூப்பர் பவுல்தான் அந்த 40-22.