குஸ்கோவிலிருந்து ஒரே நாளில் இன்கா பள்ளத்தாக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

பெருவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மச்சு பிச்சுவை மனதில் வைத்துத்தான் கிளம்புகிறார்கள். வழியில் இருக்கும் புனிதப் பள்ளத்தாக்கை ஒரு வேன் சுற்றுலாவில் அவசர அவசரமாகப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்பானியர்கள் வரும்வரை இந்த மலைநாட்டை ஆண்ட இன்காக்கள் எதை விளைவித்தார்கள், எங்கே சேமித்தார்கள், கல்லை எப்படி ஏற்றினார்கள், ஸ்பானியர்களை எப்படி எதிர்த்தார்கள் என்பதெல்லாம் உருபம்பா ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர்களில்தான் கண்கூடாகத் தெரியும். வழிகாட்டியோடு போகும் ஒரு நாள் சுற்றுலாவை உருப்படியாக அமைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: எத்தனை இடம் என்று முதலில் தீர்மானியுங்கள்

பழைய இன்கா தலைநகரான குஸ்கோவின் ஏஜென்சிகள் இந்தச் சுற்றுலாவை இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்று பழைய வழக்கப்படி பிசாக், ஒயாந்தைதாம்போ, சின்செரோ என்று மூன்று இடங்கள். இன்னொன்று அதோடு மோரை, மராஸ் உப்புப் பாத்திகளையும் சேர்த்து ஐந்து இடங்கள். இரண்டுமே காலை ஏழு மணிவாக்கில் கிளம்பி இருட்டும் நேரத்தில்தான் திரும்பும். ஆக, ஐந்து இடச் சுற்றுலாவில் ஒவ்வொரு இடத்துக்கும் கிடைக்கிற நேரம் சுருங்கிவிடும். இன்னொரு அரை நாள் கையில் இருந்தால் மூன்று இடச் சுற்றுலாவை எடுங்கள். மோரையையும் மராஸையும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான். ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் ஐந்தையும் எடுங்கள், வேறு வழியில்லை.

படி 2: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நுழைவுச் சீட்டும் மதிய உணவும் விலையில் அடக்கமா என்று கேளுங்கள். மலிவான சுற்றுலாக்களில் சீட்டு பெரும்பாலும் சேராது. வழிகாட்டி ஒரே மொழியில் பேசுவாரா, ஸ்பானிஷும் ஆங்கிலமும் மாறி மாறியா என்றும் கேளுங்கள். மாறி மாறிப் பேசினால் விளக்கம் பாதியாகிவிடும். கடைசியாக, ஒயாந்தைதாம்போவில் எவ்வளவு நேரம், வெள்ளி நகைக் கடையிலும் நெசவுக் கடையிலும் எவ்வளவு நேரம் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த ஏஜென்சிக்குப் போங்கள். குஸ்கோவின் மையச் சதுக்கமான பிளாசா தே ஆர்மாஸைச் சுற்றி ஏஜென்சிகளுக்குப் பஞ்சமே இல்லை.

படி 3: உயரத்துக்கு உடம்பைப் பழக்குங்கள்

குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிசாக் ஊர் 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே, ஒயாந்தைதாம்போ சுமார் 2,800. சின்செரோவோ 3,700 மீட்டரைத் தாண்டும். விமானத்தில் வந்து இறங்கியவுடன் குஸ்கோவில் தங்காமல் நேராகப் பள்ளத்தாக்குக்குப் போய் இரண்டு இரவு தூங்குவது உயரத்தால் வரும் தலைவலியைக் குறைக்கும். அது முடியாவிட்டால் சுற்றுலாவை வந்த மறுநாளே வைக்காதீர்கள். இதய நோய், நுரையீரல் தொல்லை இருப்பவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

அங்கே எல்லா விடுதியிலும் கோகா இலைத் தேநீர் தருவார்கள். பெருவில் அது சாதாரண விஷயம், குடிக்கலாம். ஆனால் ஒரு பொட்டலம்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இந்தியா உட்படப் பல நாடுகளில் அது சட்டவிரோதம்.

படி 4: சீட்டும் பையும்

பிசாக், ஒயாந்தைதாம்போ, சின்செரோ, மோரை நான்குக்கும் சேர்த்து 'போலேத்தோ தூரிஸ்திகோ' என்ற ஒரே சீட்டு. முழுச் சீட்டு 130 சோல் (பெருவின் நாணயம்), பத்து நாள் செல்லும், குஸ்கோவைச் சுற்றியுள்ள இடங்களும் அதில் அடக்கம். பள்ளத்தாக்குக்கு மட்டும் என்றால் 70 சோல், இரண்டு நாள். வெளிநாட்டினருக்கு வெகுகாலமாக இதுதான் கட்டணம். இருந்தாலும் போகும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மராஸுக்குத் தனிக் கட்டணம். சோலாகச் சில்லறை வைத்திருங்கள்.

காலையில் குளிர், நண்பகலில் சுள்ளென்று வெயில். ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டால் கழற்றி மாட்டலாம். தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர், வழுக்காத செருப்போ ஷூவோ கட்டாயம். மே முதல் செப்டம்பர் வரை மழை அபூர்வம். டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் மழைக்கோட்டு வேண்டும்.

படி 5: ஒவ்வொரு இடத்திலும் எதைப் பார்ப்பது

பிசாக்கில் முதலில் கண்ணில் படுவது மலையைச் சுற்றி வளைந்து இறங்கும் படிக்கட்டு வயல்கள். வெறும் கல் சுவர் என்று கடந்துவிடாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் அடியில் கல், அதன் மேல் சரளை, மணல், கடைசியில் வளமான மண் என்று அடுக்கியிருக்கிறார்கள். மழைநீர் தேங்காமல் வடியும், சரிவு சரியாது. எதிர்ப்பக்கப் பாறையில் தெரியும் நூற்றுக்கணக்கான துளைகள் இன்காக்களின் கல்லறைகள், பெரும்பாலும் கொள்ளையடிக்கப்பட்டுவிட்டன. சூரியக் கோயில் இருக்கும் இந்திவாதானா பகுதிக்கு மேல் வாசலிலிருந்து ஒரு நல்ல நடை. பல குழுக்கள் அங்கே போவதில்லை. நடக்க முடிந்தவர்கள் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மதிய உணவு பெரும்பாலும் உருபம்பா ஊரில், பஃபே. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்: கினோவா சூப், விதவிதமான உருளைக்கிழங்கு, சீஸோடு பெரிய பெரிய மணியுள்ள மக்காச்சோளம் எல்லாம் கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், அடுத்து ஏற வேண்டியது ஒயாந்தைதாம்போ.

நாளின் பெரும்பங்கு நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செங்குத்தான படிகளில் ஏறினால் உச்சியில் ஆறு பிரம்மாண்டமான இளஞ்சிவப்புக் கற்கள் வரிசையாக நிற்கும், முடிக்கப்படாத கோயிலின் சுவர். வழிகாட்டியை அங்கே நிறுத்தி, "கல் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைமேல் இருக்கும் கச்சிகாதா குவாரியைக் கை காட்டுவார். சக்கரமும் இரும்பும் இல்லாதவர்கள் அந்தக் கற்களை மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி இந்தக் குன்றின் மேல் சாய்தளம் போட்டு இழுத்திருக்கிறார்கள். வழியில் விட்டுப்போன கற்களை இன்றும் பார்க்கலாம். உள்ளூரில் அவற்றைக் களைத்துப்போன கற்கள் என்பார்கள்.

கீழே தெரியும் சமவெளியையும் ஒருமுறை பாருங்கள். ஸ்பானியர் கையில் இருந்த குஸ்கோவை இன்காக்கள் முற்றுகையிட்டிருந்த காலத்தில், அவர்களின் அரசர் மான்கோ இன்கா இங்கே இருந்தபோது ஸ்பானியத் தளபதி ஹெர்னாந்தோ பிசாரோவின் படை தாக்க வந்தது. மான்கோ ஆற்று நீரைத் திருப்பிச் சமவெளியில் பாய்ச்ச, குதிரைகள் சேற்றில் தடுமாறின. ஸ்பானியர்கள் பின்வாங்கினார்கள். எதிர்மலை பின்குயுனாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்கள் தானியக் கிடங்குகள். உயரத்தின் குளிரும் காற்றும் படும்படி வேண்டுமென்றே அங்கே கட்டியவை. இறங்கியதும் ஊர்த் தெருக்களில் கொஞ்சம் நடங்கள். இன்கா காலத்துத் தெரு அமைப்பும் வாய்க்காலும் அப்படியே இருக்க, மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள்.

சின்செரோ, இன்கா பேரரசர் டோபா இன்கா யுபாங்கியின் இடம். அவருடைய அரண்மனை அடித்தளத்தின் மேலேயே ஸ்பானியர்கள் தேவாலயம் எழுப்பியிருக்கிறார்கள், கல் வேலையின் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நெசவு செய்முறையில் கள்ளியில் வாழும் சிறு பூச்சியை உள்ளங்கையில் நசுக்கி, எலுமிச்சைச் சாறு விட்டதும் சிவப்பு மாறுவதைக் காட்டுவார்கள். அது அருமை. அதற்கப்புறம் வரும் விற்பனை உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

மோரையில் வட்ட வட்டமாகக் குழிக்குள் இறங்கும் வயல்கள். மேலுக்கும் அடிக்கும் வெப்பநிலை வேறுபடுவதால் இது பயிர்ச் சோதனைக் களமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். முடிந்த முடிவல்ல, வழிகாட்டி அடித்துச் சொன்னாலும் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மராஸில் ஒரே ஒரு உப்பு ஊற்றின் நீர் சிறு வாய்க்கால்களில் பிரிந்து 3,000-க்கும் மேற்பட்ட பாத்திகளை நிரப்புகிறது. ஒவ்வொன்றும் உள்ளூர்க் குடும்பங்களுக்குச் சொந்தம். பாத்திகளுக்கு நடுவே இப்போது நடக்க விடுவதில்லை, மேலிருந்து பார்க்கலாம். வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டுமானால் மழையில்லாத மாதங்களில் வாருங்கள்.

படி 6: திரும்பாமல் இருந்துவிடலாம்

மச்சு பிச்சுவும் திட்டத்தில் இருந்தால் குஸ்கோவுக்குத் திரும்பவே தேவையில்லை. அந்த ரயில் ஒயாந்தைதாம்போவிலிருந்தும் கிளம்புகிறது. அதனால் இந்த ஊரைக் கடைசி இடமாக வைத்திருக்கும் சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே இறங்கிக்கொள்வதாக ஏஜென்சியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ரயிலில் பெரிய பெட்டி ஏற்ற முடியாது. அதைக் குஸ்கோ விடுதியில் விட்டு, இரண்டு நாள் துணியோடு சிறு பை போதும். ரயில் நேரத்துக்கும் சுற்றுலா முடியும் நேரத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள், ரயில் ஏறும்போது கேட்பார்கள்.